தண்ணீரில் இறங்கும் விமானமும் அரைப்பேரும்

நான் வேலை பார்த்த விமானக் கம்பெனிக்குக் கண்டியில் ஓடுபாதை கிடையாது. தகரக் கூரை போட்ட ஓர் அறை, அதற்கு முன்னால் மகாவலிக்குள் நீட்டி மிதக்கவிட்ட பலகைத்துறை, ஆள் நிறுக்கும் தராசு ஒன்று, சில பிளாஸ்டிக் கதிரைகள். இதற்குத்தான் விமான நிலையம் என்று பெயர். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடந்த ஆறு பொல்கொல்லை அணையில் முட்டி அகலமாகத் தேங்கி நிற்கும் இடம் அது. சில்லுகளுக்குப் பதிலாக இரண்டு மிதவைகள் பூட்டிய எங்கள் சின்ன விமானம் கொழும்பிலிருந்து வந்து அந்தத் தண்ணீரிலேயே இறங்கும், தண்ணீரிலிருந்தே எழும்பித் திருகோணமலைக்குப் போகும். அது வருகிற நேரம் கரையில் குளித்துக்கொண்டிருப்பவர்கள் சவர்க்காரத்தைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்று பார்ப்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்து எத்தனையோ மாதம் ஆன பிறகும் அவர்கள் அதை நிறுத்தவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் நிறுத்தவில்லை.

கம்பெனி என்று சொன்னாலும் நாங்கள் தனிக் கம்பெனி இல்லை. லண்டனுக்கும் துபாய்க்கும் பறக்கும் பெரிய விமானக் கம்பெனி ஒன்று, உள்நாட்டுச் சண்டை முடிந்து ரோட்டுகள் திறந்த காலத்தில், உள்ளூர் ஓட்டங்களுக்கு மட்டும் என்று எங்களைப் பெற்றுப் போட்டிருந்தது. டிக்கட்டில் அவர்கள் பெயர், வேலை எங்களுடையது. காகிதங்களில் அவர்களைத் 'தாய் நிறுவனம்' என்று எழுதுவார்கள். நாங்கள் சுருக்கமாகத் 'தாய்' என்போம். கதிரையின் கால் உடைந்தால் தாயிடம் கேட்க வேண்டும். துறையில் ஒரு பலகை உக்கிப்போனாலும் தாயிடம் கேட்க வேண்டும். தாய் லேசில் பதில் போட மாட்டாள். ஆனால் தன்னுடைய ஆட்கள் யாராவது லீவில் ஓசிப் பயணம் வந்தால், காலி இடத்தில் முதல் உரிமை அவர்களுக்கு என்பதை மட்டும் அடிக்கடி ஞாபகப்படுத்துவாள். "இதுக்குத் தாய்னு பேர் வச்சவங்களுக்கு மாமியாரே கிடையாது போல" என்று ஒருநாள் நான் சத்தமாகவே சொன்னேன். எங்கள் மேற்பார்வையாளர் சிரித்ததில் தேத்தண்ணி அவர் சட்டையில் கொட்டியது.

அந்த மேற்பார்வையாளர் கட்டுகஸ்தோட்டையிலேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம் மனுஷர். அவர் வீட்டில் எல்லோரும் துணி வியாபாரம், இவர் மட்டும் விமானத்தில் பைத்தியமாகி இங்கே வந்து சேர்ந்தவர். நான் அவரை நானா என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். அவரும் நானும், விமானத்தைக் கயிறு போட்டு இழுத்துக் கட்டும் இரண்டு சிங்களப் பையன்களும் சேர்ந்தால் கண்டி நிலையம் முழுவதும் வந்துவிட்டது.

நான் தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறித்தவர். மூன்று பாஷையும் பேசுவாள் என்றுதான் என்னை எடுத்தார்கள். மூன்று பாஷையிலும் சண்டை போடுவாள் என்பது அவர்களுக்குப் பிறகுதான் தெரியவந்தது. எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். அது தப்பு என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. லயத்தில் பிறந்து, சத்தம் போடாமல் ஒரு காரியத்தையும் முடித்தவர்களை நான் கண்டதில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் தாய் எங்களுக்கு ஒரு தமிழ் அறிவிப்பு அனுப்பியிருந்தாள். பயணிகள் ஏறுவதற்கு முன் நான் அதைச் சத்தமாக வாசிக்க வேண்டும். 'விமானம் திருகோணமலையில் தரையிறங்கும்' என்று அதில் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. தரை எங்கே இருக்கிறது? இங்கே ஆறு, அங்கே குடாக் கடல். பெரிய விமானத்துக்கு எழுதியதை அப்படியே பிள்ளைக்கும் மாட்டிவிட்டிருந்தார்கள், அளவு பார்க்காமல் சட்டை தைத்த மாதிரி. நான் கெட்டிக்காரத்தனமாக அதைத் திருத்தி, குரலைக் கனிவாக்கி, "எமது விமானம் திருகோணமலையில் தண்ணீரில் இறங்கும்" என்று வாசித்தேன்.

வரிசையில் முதலாவதாக நின்றவர் யாழ்ப்பாணத்துப் பக்கத்துப் பெரியவர். பக்கத்தில் அவர் மனைவி. அந்த அம்மா கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"என்ன பிள்ளை சொல்லுறீர்? தண்ணிக்குள்ளயோ?"

"ஓமம்மா, தண்ணியிலதான். எப்பவும் அப்படித்தான்."

"எப்பவுமோ!" என்றவர் கணவன் பக்கம் திரும்பினார். "நீங்கள் போறதெண்டால் போங்கோ. நான் வரேல்லை. எனக்கு நீந்தத் தெரியாது."

அவரைச் சமாதானப்படுத்தி ஏற்றுவதற்குள் நானாவுக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது. மறுநாளிலிருந்து 'விமானம் திருகோணமலையை வந்தடையும்' என்று வாசித்தேன். எதில் இறங்கி வந்தடையும் என்று யாரும் கேட்கவில்லை.

இனித் தராசுக்கு வருகிறேன். சின்ன விமானம் என்பதால் பெட்டியை நிறுப்பது போலவே ஆளையும் நிறுக்க வேண்டும். எல்லாப் பாரத்தையும் கூட்டி, விமானம் தாங்கும் அளவுக்குள் இருக்கிறதா என்று பார்த்துத்தான் ஏற்றுவோம். வெள்ளைக்காரர்கள் தராசில் ஏறிச் சிரிப்பார்கள். நம்முடைய கடை முதலாளிமார் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு ஏறுவார்கள், அதனால் பாரம் குறையும் என்பது போல. பெண்கள் கூச்சப்படுகிறார்கள் என்று தராசின் முகத்தை எங்கள் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தோம். ஏறுகிறவருக்கு முள் தெரியாது.

அம்மாவுக்கு என் வேலை பெருமைதான், ஆனால் ஒருநாளும் துறையைப் பார்க்க வந்ததில்லை. தெல்தோட்டையிலிருந்து கண்டிக்குப் பஸ்ஸில் வருவதற்குள் அம்மாவுக்குக் குடல் வெளியே வந்துவிடும். கையில் ஒரு எலுமிச்சம் பழத்தை முகர்ந்துகொண்டே வருவார், அப்படியும் வாந்தி. ஆகாயத்தில் போவதைப் பற்றிக் கேட்டால், "எனக்கு ரோட்டே ஒத்துக்கல, இதுல மேல வேறயா?" என்பார்.

என் தங்கச்சியைத் திருகோணமலையில் கட்டிக்கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை மேசன் வேலை, நல்ல பையன், ஆனால் அந்த வீட்டில் பெண் துணை என்று ஒருவரும் இல்லை. தங்கச்சியின் முதல் பிரசவத்துக்கு அம்மா நேரத்தோடு போய்ச் சேரவில்லை. வலி கண்டுவிட்டது என்று செய்தி வந்தவுடன் பஸ் ஏறியவர், வழி நெடுக வாந்தி எடுத்து, தம்புள்ளையில் மயங்கி விழுந்து, யாரோ தண்ணீர் தெளித்து எழுப்பி, அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பிள்ளை தங்கவில்லை. அம்மா வருவதற்கு முன்பே அடக்கம் செய்யக் கொண்டுபோய்விட்டார்கள். தங்கச்சி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாளாம். "வந்துட்டியாம்மா" என்று மட்டும் கேட்டாளாம். அம்மா அதைப் பற்றிப் பேசவே மாட்டார். ஆனால் பஸ் சத்தம் கேட்டாலே முகம் மாறிவிடும். பஸ் ஒத்துக்கொள்ளாதது ஒரு பக்கம், பஸ்ஸை மன்னிக்காதது மறுபக்கம்.

தங்கச்சி இரண்டாவது தடவை உண்டானபோது அம்மா முன்கூட்டியே முடிவெடுத்துவிட்டார். நாள் நெருங்குவதற்கு முன்பே போய், அங்கேயே இருந்து, பிள்ளையைப் பார்த்துவிட்டுத்தான் வருவது. துணிகூட மடித்து வைத்தாயிற்று. ஆனால் பிள்ளைக்கு அவசரம். டாக்டர் சொன்ன நாளுக்கு வெகு முன்னதாக ஒரு விடியலில் மாப்பிள்ளை போன் எடுத்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று, எந்த நேரமும் உள்ளே கொண்டுபோவார்கள். தங்கச்சி போனை வாங்கி, "அக்கா, இந்தத் தடவ அம்மா வராம நான் உள்ள போகமாட்டேன்" என்று சொல்லி அழுதாள். பிரசவத்தை அப்படியெல்லாம் நிறுத்தி வைக்க முடியாது என்று யார் அவளுக்குச் சொல்வது?

அது மழைக்காலம். கீழ்நாட்டில் வெள்ளம். ஹபரணைக்கு அந்தப் பக்கம் ரோட்டில் தண்ணீர் ஏறி, திருகோணமலை பஸ்களைப் பாதியிலேயே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். விசாரித்துவிட்டு நான் கண்டி பஸ் நிலையத்தில் தலையில் கைவைத்து நின்றேன். அம்மா ஏற்கனவே தெல்தோட்டையில் முதல் பஸ் ஏறிவிட்டார், ஒரு கையில் எலுமிச்சம் பழம், மறு கையில் மூட்டை. மூட்டைக்குள் பிள்ளை பெற்றவளுக்கு அரைத்துக் கொடுக்கும் மருந்துச் சரக்கு, பழைய வேட்டியில் கிழித்த மெத்தென்ற துணிகள், பெருங்காய டப்பா, ஒரு சின்ன அம்மிக்குழவிகூட. திருகோணமலையில் குழவி கிடைக்காது என்று அம்மாவுக்கு யார் சொன்னார்களோ தெரியாது.

பஸ்ஸிலிருந்து வெளிறிப்போய் இறங்கியவரிடம், "அம்மா, இன்னைக்கு நம்ம கம்பெனி விமானத்துலதான் போகணும்" என்றேன்.

அம்மா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. எலுமிச்சம் பழத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, "எங்க ஏறணும்?" என்று கேட்டார். அதைக் கேட்டதும் எனக்குத்தான் பயம் பிடித்தது. அம்மா பயப்படாவிட்டால் விஷயம் பெரியது என்று அர்த்தம்.

பொல்கொல்லையில் நானாவிடம் விஷயத்தைச் சொன்னேன். ஊழியர்களின் வீட்டாருக்குக் காலி இடம் இருந்தால் ஓசியில் போகலாம், அதற்கு ஸ்டாண்ட்பை என்று பெயர். இடம் இருந்தது. பிரச்சினை பாரம். மழையில் ஆறு கலங்கி, மரக்கிளைகள் மிதந்து வந்துகொண்டிருந்தன. அதனால் கொஞ்ச தூரம் ஓடியதுமே விமானத்தை எழுப்ப வேண்டும், வழக்கத்தைவிடக் குறைந்த பாரம்தான் ஏற்றுவேன் என்று கப்டன் கொழும்பிலிருந்தே சொல்லியிருந்தார். நானா எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, இன்னும் இரண்டு பேருக்கு மட்டுமட்டாக இடமிருக்கிறது என்றார்.

அந்த இரண்டில் ஒன்றுக்கு ஆள் ஏற்கனவே வந்து நின்றார், தாய்க் கம்பெனியின் அதிகாரி. சிங்களவர், நல்ல உயரம், அதற்கேற்ற அகலம். லீவில் திருகோணமலைக் கடற்கரைக்குப் போகிறார், கையில் ஒரு பெரிய சூட்கேஸ். ஓசிப் பயணத்தில் முதல் உரிமை அவருக்கு, அதில் பேச்சில்லை. அந்தச் சூட்கேஸைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் வந்தது. கடலில் குளிக்க எத்தனை காற்சட்டை வேண்டும்?

நானா அம்மாவிடம் மரியாதையாகச் சொன்னார். "அம்மா, நீங்க இப்பிடி இந்தக் கதிரையில குந்துங்க. வெயிட் பாக்கணும். வெயிட் சரியா ஈந்தா ஒடனே பேர் போட்டுடுவம்."

நானும் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கு அந்த வார்த்தையில் ஒன்றும் தட்டுப்படவில்லை. எங்கள் வேலையில் 'பேர் போடுவது' என்றால் பயணிகளின் பட்டியலில் பெயரைச் சேர்ப்பது, அவ்வளவுதான்.

ஆனால் அம்மாவின் உலகத்தில் அது வேறு. தோட்டத்தில் மாலையானால் கொழுந்து மடுவத்தில், அந்தக் கொட்டகைத் தராசுக்கு முன்னால் வரிசை நிற்க வேண்டும். பறித்த கொழுந்தை நிறுப்பார்கள். கூடைக்கு என்று கொஞ்சம், ஈரத்துக்கு என்று கொஞ்சம் கழித்துவிட்டு, மிச்சம் அன்றைய அளவுக்கு வந்தால் முழுப்பேர். அளவுக்குக் குறைந்தால் அரைப்பேர். அரைப்பேர் என்றால் அன்றைய நாளில் பாதிதான் வேலை செய்ததாகக் கணக்கு, முழு நாளும் மழையில் நின்றிருந்தாலும் சரி. பேர் போடுகிறவர் சிரித்தால் அன்றைக்கு நல்ல நாள், உதட்டைப் பிதுக்கினால் கெட்ட நாள். அம்மாவின் ஆயுசில் தராசு என்றால் அது ஒன்றுதான். முள் மேலே போக வேண்டும். மேலே போகாவிட்டால் போயிற்று.

அம்மா கதிரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி தராசில் ஏறினார், தராசு முனகியது. நானா மரியாதைக்குப் பெரிதாகச் சிரித்து, கொஞ்சம் தமிழ் தெரிந்தவர் என்பதால் தமிழிலேயே, "சரி சேர், பேர் போட்டாச்சி" என்றார். அம்மா தன் கைகளைக் குனிந்து பார்த்தார். எங்கள் அம்மா வற்றல் மிளகாய் மாதிரி, காற்றடித்தால் சாய்ந்துவிடுவார்.

அந்த நேரம் கொழும்பிலிருந்து போன் வர, நான் அறைக்குள் போய்விட்டேன். "கை கழுவிட்டு வர்றேன்" என்று அம்மா ஆற்றோரம் இறங்குவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. பஸ்ஸில் வாந்தி எடுத்தவர், முகம் கழுவப் போகிறார் என்றே நினைத்தேன். திரும்பி வந்தபோது முந்தானையை இழுத்துச் செருகியிருந்தார், நடை கொஞ்சம் கனத்திருந்தது. விமானம் வந்து இறங்கித் துறையில் கட்டியாயிற்று. கப்டன் கண்ணாடி வழியாக ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா தராசில் ஏறினார். நானா முள்ளைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், மறுபடி முள்ளைப் பார்த்தார். மூட்டையை வைத்தும் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பி மெல்லத் தலையாட்டினார்.

"ஏலாதே தங்கச்சி. மூட்டைய உட்டாலும் ஏலாது."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ! தராசு பழுது என்றேன். அது சரியா என்று ஒத்துப் பார்க்க இன்னொரு தராசு வாங்கித் தரச் சொல்லித் தாயிடம் கேட்டோமே, பதில் வந்ததா என்றேன். தராசை ஓர் உதை உதைத்தேன், என் கால் விரல்தான் வலித்தது. பிறகு அதிகாரியின் காது கேட்க, அவருக்குப் புரிந்தால் புரியட்டும் என்று தமிழிலேயே சொன்னேன். "கடல்ல குளிக்கப் போறவருக்கு இடம் இருக்கு, பெட்டிக்கும் இடம் இருக்கு. புள்ளப் பெறப்போறவளோட அம்மாவுக்கு மட்டும் இடம் இல்ல. நல்லா இருக்கு உங்க தாயோட நியாயம்!"

அதிகாரி தன் சப்பாத்தைப் பார்த்தார். அம்மா இன்னும் தராசிலேயே நின்றுகொண்டிருந்தார். சண்டை முடியட்டும் என்று காத்திருந்தவர் போல, மிகத் தாழ்ந்த குரலில் என்னிடம் கேட்டார்.

"எவ்வளவு கொறையுது?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. "என்னம்மா?"

"அளவுக்கு எவ்வளவு கொறையுதுன்னு கேளேன். இன்னும் கொஞ்சம் கொண்டாரேன். கீழ நெறையக் கெடக்கு."

"என்ன கெடக்கு?"

அம்மா மடியைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். மடியை அவிழ்த்தால், ஆற்றங்கரையின் வழுவழுப்பான கூழாங்கற்கள். சேலைக் கொசுவத்துக்குள் இன்னும் சில. முதுகுப் பக்கம், கொழுந்து பறிக்கையில் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டுகிற மாதிரியே ஒரு துண்டைச் சுற்றி, அதற்குள் செங்கல் பருமனில் ஒன்று. அத்தனையையும் சுமந்துகொண்டு அந்த மனுஷி நேராக நிமிர்ந்து நின்றிருந்தார்.

"என்னம்மா இது!"

"சத்தம் போடாத" என்றார் அம்மா. கண்ணில் தண்ணீர் நின்றது. "வெயிட் இருந்தாத்தான் பேர் போடுவேன்னு அந்தப் பெரியவர் சொன்னாருல்ல? நான் எங்க, அந்தத் தொரை எங்க? இத்தன வருஷத்துல கொழுந்துல ஒரு கல்லு வச்சவ இல்ல நான். ஒரு காம்பு கூட வச்சதில்ல. சாமி சத்தியமா இன்னைக்கித்தான் வச்சேன். எனக்கு அங்க போகணும்டி."

சிரிக்கலாமா அழலாமா என்று இருந்தது. வாழ்நாளிலேயே முதல் தடவையாகத் தராசை ஏமாற்றப் பார்த்திருக்கிறார், அதையும் தலைகீழாகச் செய்திருக்கிறார். நான் அம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கல் உறுத்தியது.

"கொறையலம்மா. கூடிப்போச்சு. இங்க எடை கொறஞ்சாத்தான் ஏத்துவாங்க."

அம்மா நம்பவில்லை. "கொறஞ்சா ஏத்துவாங்களா? அப்பிடி எந்த ஊருல இருக்கு?" என்று கேட்டார். நான் பரிகாசம் பண்ணுகிறேன் என்றே நினைத்தார். நான் கற்களை ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னலில் வைக்க வைக்க, தன் பேர் கையைவிட்டுப் போகிறது என்கிற மாதிரி அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து மறுபடி தராசில் ஏற்றினேன். நானா முள்ளைப் பார்த்தார், ஜன்னலில் வரிசையாக இருந்த கற்களைப் பார்த்தார். கட்டுகஸ்தோட்டையில் பரம்பரையாகத் துணிக்கடை வைத்திருந்தவர்களின் பிள்ளை அவர், தோட்டத்து ஆட்களோடு பழகியவர். அவருக்கு விளக்கம் ஒன்றும் தேவைப்படவில்லை.

"அரைப்பேராவது விழுமா?" என்று அம்மா அவரிடமே கேட்டார்.

"முழுப்பேர் அம்மா" என்றார் நானா. "முழுப்பேர் போட்டாச்சி. ஆனா மூட்டைக்குத்தான் எடமில்ல."

அம்மாவுக்கு அது போதும். ஆனால் மூட்டையைக் கீழே வைக்கும்போது கை தயங்கியதை நான் பார்த்தேன். பிள்ளை பெற்றவளுக்கான மருந்து முழுவதும் அதற்குள்தான். நாளைக்கு எப்படியாவது அனுப்பிவிடுகிறேன் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அந்த அதிகாரி எழுந்து வந்தார். தன் சூட்கேஸைத் தானே தூக்கி, பாரம் ஏற்றும் தள்ளுவண்டியிலிருந்து இறக்கி, சுவர் ஓரமாக வைத்தார்.

"இது பிந்தி வரட்டும்" என்றார் கொச்சைத் தமிழில். பிறகு என்னைப் பார்த்து, "கடல்ல குளிக்க ஒரு சாரம் போதும் நங்கி" என்றார், தங்கச்சி என்பதைச் சிங்களத்தில்.

என் முகம் எரிந்தது. நன்றி என்று சொல்ல வாய் வரவில்லை, வாயை வைத்துப் பிழைக்கிற எனக்கு. குழவியை மட்டும் எடுத்து வெளியே வைத்துவிட்டு, மூட்டையை நானே கட்டி ஏற்றினேன். குழவியை விட்டுப்போக அம்மா கடைசிவரை சம்மதிக்கவில்லை, நான்தான் அதட்டினேன்.

பாரம் சமமாக இருக்க வேண்டும் என்பதற்காக அதிகாரியைக் கடைசியிலும் அம்மாவை முன்னால், கப்டனுக்கு நேர் பின்னாலும் உட்கார வைத்தார்கள். நான் பெல்டை மாட்டிவிட்டேன். அறிவிப்பை வாசிக்க வேண்டுமே என்று தாளை எடுத்தேன், அப்படியே மடித்து வைத்துவிட்டேன். "அம்மா, பத்திரமாப் போய்ச் சேருவீங்க" என்று மட்டும் சொன்னேன். அன்றைய பயணிகள் எல்லோருக்கும் அதுதான் தமிழ் அறிவிப்பு. பையன்கள் கயிற்றை அவிழ்த்தார்கள். விமானம் மிதந்து வந்த கிளைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போய், மேல்பக்கம் திரும்பி நின்று, ஒரே இரைச்சலாக ஓடி வந்தது. மிதவைகள் தண்ணீரை விட்டதும், கரையில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் வழக்கம் போலப் பார்த்தார்கள். நான் அவர்களைவிட மோசமாக வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். ஹுன்னஸ்கிரிய மலைப் பக்கமாக அது சின்னதாகி மேகத்துக்குள் போனது.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. நானா இரண்டு தரம் தேத்தண்ணி ஊற்றித் தந்தார், இரண்டையும் ஆறவிட்டேன். வந்தடைந்துவிட்டதாக ரேடியோவில் செய்தி வந்தது. அங்குள்ள துறையிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் ரோட்டில் தண்ணீர் இருக்குமோ, அம்மாவுக்கு வழி தெரியுமோ, மாப்பிள்ளை வந்திருப்பாரோ என்று ஒன்று போனால் இன்னொரு கவலை. போனை மேசையில் வைத்தேன், பிறகு கையில் எடுத்தேன், பிறகு மேசையில் வைத்தேன். நானா கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார், அடுக்கி முடித்ததைக் கலைத்து மறுபடியும் அடுக்கினார்.

சாயங்காலம் தங்கச்சியே கூப்பிட்டாள். குரல் களைத்திருந்தது.

"அக்கா. பொம்பளப் புள்ள. ரெண்டு பேரும் நல்லா இருக்கோம்."

நான் பலகைத்துறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நானாவுக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டி, நல்ல செய்தி என்று சைகை செய்தேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

"அம்மா?" என்றேன்.

"உள்ள கொண்டுபோறதுக்குக் கட்டில உருட்டுறாங்க, அம்மா கதவண்ட வந்து நிக்கிறாங்க. சேலையெல்லாம் ஈரம். என் கையப் புடிச்சாங்க பாரு, அப்புறம் எனக்குப் பயமே இல்லக்கா." மூக்கை உறிஞ்சினாள். அழுகிறாளோ என்று பார்த்தால், சிரிக்கிறாள். "எனக்கு ஊசி போட வந்த மிஸிக்கு ஒரே ஆச்சரியம். ரோட்டெல்லாம் வெள்ளம், தோட்டத்துல இருந்து உங்கட அம்மா எப்பிடி வந்தவன்னு கேட்டாங்க. பறந்து வந்தாங்கன்னேன். 'எல்லா அம்மாமாரும் அப்பிடித்தான் பிள்ள'ன்னு சொல்லிட்டு, ஊசியப் போட்டுட்டுப் போயிட்டாங்க."